மூவர் கண்ட காற்று

பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு பத்திரிகையின் ஆண்டு மலருக்காக லவாஸியேயைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்று எழுதிக் கொடுத்தேன். பிரெஞ்சுப் புரட்சியில் தலையைப் பறிகொடுத்த ரசாயன விஞ்ஞானி அவர். கட்டுரையை எப்படி முடிப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தேன். பிறகு எங்கேயோ படித்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஆராய்ச்சியை முடிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று லவாஸியே கெஞ்சியதாகவும், குடியரசுக்கு விஞ்ஞானிகள் தேவையில்லை என்று நீதிபதி கையை வீசிச் சொன்னதாகவும் ஒரு கதை. அதை அப்படியே எடுத்துப் போட்டு முற்றுப்புள்ளி வைத்தேன். கட்டுரை நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கே திருப்தி.

மலர் வெளிவந்த பத்தாம் நாள் ஒரு தபால் கார்டு வந்தது. ரசாயன ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியிருந்தார். வசவு ஒன்றும் இல்லை. "நீதிபதி அப்படிச் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று தெரிவித்தால் உபகாரமாக இருக்கும். நாற்பது வருஷம் பையன்களுக்கு நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்" என்பதுதான் கார்டில் இருந்த விஷயம்.

ஆதாரத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. அந்தக் காலத்து நீதிமன்றப் பதிவு எதிலும் அந்த வாக்கியம் இல்லை, பிற்பாடு யாரோ சேர்த்தது என்றே சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். என் கட்டுரையில் இருந்த வாக்கியங்களிலேயே நல்ல வாக்கியம் எதுவோ, அதுதான் பொய்யான வாக்கியம்! கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஒரு பாடம். விஞ்ஞான சரித்திரத்தைக் கதையாகச் சொல்கிற புஸ்தகம் எது கைக்கு வந்தாலும் அன்று முதல் அந்தத் தபால் கார்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். பிராணவாயுவைக் கண்டுபிடித்த கதையைப் பற்றி இப்போது எழுத உட்கார்ந்திருப்பதும் அதனால்தான்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது சுலபமான கதை. பிரீஸ்ட்லி பிராணவாயுவைக் கண்டுபிடித்தார், லவாஸியே அதற்குப் பெயர் வைத்தார். பரீட்சைக்கு இரண்டு மார்க். ஷீலே என்ற மூன்றாவது பெயரைக் கேள்விப்பட்டவர்கள் வகுப்புக்கு ஒருவர் இருவர் இருந்தால் அதிகம். நடந்தது என்ன என்று பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை.

அந்தக் காலத்து விஞ்ஞானிகள் பிளாஜிஸ்டன் என்று ஒன்றை நம்பினார்கள். எரிகிற பொருள் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது, எரியும்போது வெளியேறிவிடுகிறது என்பது ஸ்டால் என்ற ஜெர்மானியர் வளர்த்த சித்தாந்தம். கட்டை எரிந்தால் சாம்பல்தானே மிஞ்சுகிறது, ஏதோ ஒன்று போய்விட்டது என்று சாதாரண மனிதனுக்கும் படும். ஆனால் உலோகத்தைச் சுட்டுப் பஸ்பமாக்கினால் எடை கூடுகிறது. ஒன்று வெளியே போனால் எடை எப்படிக் கூடும்? இது தொல்லை பிடித்த கேள்வி. தெரிந்தும் பலர் அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் காரியத்தைக் கவனித்தார்கள். நாமும் நம் வாழ்க்கையில் பல கேள்விகளை அப்படித்தானே செய்கிறோம்!

கார்ல் வில்ஹெல்ம் ஷீலே ஸ்வீடனில் மருந்துக் கடைச் சிப்பந்தி. கடை வேலை போக மிஞ்சின நேரத்தில் அடுப்பும் குடுவையுமாக உட்காருகிறவர். 1772 வாக்கிலேயே அவர் இந்தக் காற்றைப் பிடித்துவிட்டார். நெருப்பு இதில் பிரமாதமாக எரிந்ததால் 'நெருப்புக் காற்று' என்று பெயரிட்டார். ஆனால் அவருடைய புஸ்தகம் அச்சாகி வெளிவந்தது 1777-ல். முன்னுரை எழுத வேண்டியவரும் அச்சிட வேண்டியவரும் தாமதம் செய்துவிட்டார்கள். முன்னுரைக்காகக் காத்திருந்து நொந்த எழுத்தாளர்கள் நம்மிலும் உண்டு. அவர்களுக்கு ஷீலேயின் துக்கம் புரியும்.

ஜோசப் பிரீஸ்ட்லி இங்கிலாந்தில் பாதிரியார். லீட்ஸ் நகரத்தில் அவர் குடியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் மது காய்ச்சும் சாலை ஒன்று இருந்தது. அங்கே தொட்டிகளின் மேல் தேங்கி நிற்கும் காற்றைப் பார்த்துத்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அந்தக் காற்றைத் தண்ணீரில் கலக்கும் முறையை 1772-ல் எழுதி வெளியிட்டார். இன்று நாம் பெட்டிக் கடையில் வாங்கிக் குடிக்கும் சோடாவுக்கு அவரும் ஒரு தாத்தா. 1774 ஆகஸ்டு முதல் தேதி, பெரிய பூதக்கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்து, பாதரசத்தைக் காய்ச்சிக் கிடைக்கும் சிவப்புப் பஸ்பத்தைச் சுட்டார். ஒரு காற்று வந்தது. அதில் மெழுகுவத்தி ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. அது என்ன காற்று என்று அன்று அவருக்குத் தெரியாது. மறு வருஷம் சுண்டெலியை அதில் அடைத்துப் பார்த்து, தாமும் உறிஞ்சிப் பார்த்து, மார்பு லேசாக இருப்பதாக உணர்ந்த பிறகுதான், சாதாரணக் காற்றைவிடச் சிறந்த காற்று இது என்று தெளிந்தார். அப்போதும் அவர் வைத்த பெயர் 'பிளாஜிஸ்டன் நீங்கிய காற்று'. கையில் இருப்பது புதுச் சரக்கு, மேலே ஒட்டின சீட்டு பழசு.

அந்த 1774-ஆம் வருஷம் அக்டோபரில் பிரீஸ்ட்லி பாரிஸுக்குப் போனார். லவாஸியே வீட்டு விருந்தில், தாம் கண்டதை ஒளிக்காமல் சொன்னார். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள் என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அதற்குச் சற்று முன், செப்டம்பர் 30-ஆம் தேதியிட்டு ஷீலேயும் லவாஸியேக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். 'உங்களிடம் பெரிய கண்ணாடி இருக்கிறதே, வெள்ளியிலிருந்து இன்னவாறு பஸ்பம் செய்து, அதைக் கொண்டு சுட்டுப் பாருங்கள், வருகிற காற்றில் விளக்கு எரிகிறதா, பிராணி பிழைக்கிறதா கவனியுங்கள்' என்ற தோரணையில் எழுதிய வெள்ளை மனசுக் கடிதம். பதில் வந்ததாகத் தெரியவில்லை. கடிதம் வெளியுலகத்துக்கு வந்ததே 1890-ல்தான். 1775-ல் லவாஸியே தம் ஆராய்ச்சியை அகாடமியில் படித்தபோது பிரீஸ்ட்லியின் பெயரையும் சொல்லவில்லை, ஷீலேயின் பெயரையும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நாவலாசிரியனுக்கு நாக்கில் நீர் ஊறும். வெகுளியான மருந்துக் கடைக்காரர், வாய் ஓயாத நல்ல பாதிரியார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மௌனமாகச் சிரிக்கிற பாரிஸ் சீமான் என்று மூன்று பாத்திரங்கள் தயார். திருட்டுக் கொடுத்தவர் இருவர், திருடியவர் ஒருவர். கடைசியில் அவர் தலை உருள்வதால் தர்ம நியாயமும் கிடைத்துவிடுகிறது. தீபாவளி மலருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த ஆசைக்கு எதிர் நின்று எழுதப்பட்டது என்பதால்தான் 'ஆக்சிஜன்' என்ற நாடகத்தைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 2001-ல் வெளிவந்தது. எழுதியவர்கள் இருவரும் ரசாயன விஞ்ஞானிகள். கார்ல் ஜெராஸி, கருத்தடை மாத்திரைக்கு வழி செய்த பொருளை 1951-ல் மெக்ஸிகோவில் உருவாக்கிய குழுவைச் சேர்ந்தவர். 2015-ல் காலமாகிவிட்டார். ரோல்ட் ஹாஃப்மன், 1981-ல் ரசாயனத்துக்கு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், கவிஞரும்கூட.

நோபல் பரிசு ஏற்படுமுன் நடந்த மகத்தான கண்டுபிடிப்புக்கு இறந்தவர்களுக்கும் ஒரு பரிசு கொடுப்பது என்று தீர்மானிக்கிறார்கள். கமிட்டி கூடுகிறது. பிராணவாயுவுக்குக் கொடுக்கலாம் என்பதில் தகராறு அதிகமில்லை. யாருக்கு என்பதில்தான் வருகிறது வினை. இன்னொரு பக்கம் மேடை 1777-க்குப் போகிறது. ஸ்வீடன் அரசர் மூன்றாம் குஸ்தாவ் மூவரையும் ஸ்டாக்ஹோமுக்கு வரவழைக்கிறார். ஒவ்வொருவரும் பரிசோதனை செய்து காட்ட வேண்டும். இப்படி ஒரு சந்திப்பு சரித்திரத்தில் நடக்கவே இல்லை. ஆனால் கற்பனை என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வருகிற கற்பனை இது. உண்மையின் வேஷம் போட்டுக்கொண்டு வந்த என் நீதிபதியின் வாக்கியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

நாடகத்தில் எனக்குப் பிடித்தது பெண்களின் பகுதி. மூன்று மனைவிமார் நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். புருஷர்கள் மேடையில் கௌரவமாகப் பேசுவதெல்லாம் இங்கே வேறு நிறத்தில் தெரிகிறது. கற்பனைதான் என்றாலும், இதற்கு ஆதாரமான பெண்கள் சரித்திரத்தில் உண்மையில் இருந்தார்கள். லவாஸியே மரி-ஆனை மணந்தபோது அவளுக்கு வயது 13. அவள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டாள், கணவருக்குத் தெரியாத பாஷை அது. பிளாஜிஸ்டனை ஆதரித்து கிர்வன் எழுதிய நூலை அவள் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, மறுப்புரைகளோடு 1788-ல் வெளிவந்தது. 1789-ல் வந்த லவாஸியேயின் பெரிய நூலுக்குக் கருவிகளின் படங்களையெல்லாம் வரைந்தவளும் அவளே. இப்படிப்பட்டவளைப் பாடப் புஸ்தகங்கள் ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டன. ஷீலேயின் மனைவி ஸாரா போல், ஒரு மருந்துக் கடைக்காரரின் விதவை. கடையும் வீடும் அவளுக்குத் திரும்பப் போய்ச் சேரவேண்டும் என்று, சாவதற்கு இரண்டொரு நாள் முன்னால் படுக்கையில் கிடந்தபடியே ஷீலே அவளைக் கலியாணம் செய்துகொண்டார். 1786-ல் இறந்தபோது அவருக்கு 43 வயதுதான். இந்த ஒரு செய்தியில் ஒரு நாவல் இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் விஞ்ஞானிகளானதால் விவாதம் அவர்களுக்குக் கைவந்த கலை. பாத்திரங்கள் வாயைத் திறந்தால் வாதம்தான். அவர்கள் சும்மா இருப்பதை, தப்பாக நினைத்துக்கொள்வதை, பயப்படுவதைப் பார்க்க நமக்கு நேரம் கொடுப்பதில்லை. இன்னொரு குறை இதைவிடப் பெரிது. நாடகத்தின் அச்சாணி 'யார் முதலில்?' என்ற கேள்வி. பரிசு கொடுக்கிறவர்களுக்கு அது அவசியமான கேள்வி. ஆனால் காற்றைப் பிடித்தது, பிடித்ததைப் பிறருக்குச் சொன்னது, சொன்னதைப் புரிந்துகொண்டது ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிச் செயல்கள். ஷீலே முதலில் பிடித்தார், பிரீஸ்ட்லி முதலில் சொன்னார், லவாஸியே முதலில் புரிந்துகொண்டார். இதை ஆசிரியர்கள் அறியாதவர்கள் அல்ல. கமிட்டி படுகிற பாடெல்லாம் இதனால்தான். இருந்தும், பரிசு என்ற சட்டத்துக்குள் கதையை அடைத்தபோதே ஓட்டப்பந்தயத்தின் வாடை வந்துவிட்டது. ஓடியவர்கள் ஒரே பந்தயத்தில் ஓடவில்லை என்பதுதான் விஷயம்.

லவாஸியே கடிதத்தைப் பற்றி வாய் திறக்காததும், விருந்தில் கேட்டதை முதலில் ஒப்புக்கொள்ளாததும் குற்றமே. பிற்பாடு தம் நூலில், மூவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டதாக எழுதிச் சமாளித்தார். ஆனால் அவர் செய்த வேலையை மற்ற இருவரும் செய்யவில்லை. பாதரசத்தை 12 நாள் அடைத்த காற்றில் காய்ச்சினார். 50 கன அங்குலக் காற்று 42, 43-ஆகக் குறைந்தது. மேலே படிந்த சிவப்புப் பஸ்பத்தை எடுத்துச் சுட்டார். 7, 8 கன அங்குலம் காற்று திரும்பி வந்தது. போனதும் வந்ததும் சரியாகிவிட்டது. கூடிய எடை காற்றிலிருந்து வந்தது, வெளியே போக பிளாஜிஸ்டன் என்று ஒன்று கிடையாது. கணக்குப்பிள்ளை நோட்டைப் போல வரவும் செலவும் பார்த்தே அவர் ஒரு சித்தாந்தத்தைச் சாய்த்தார்.

கணக்குப்பிள்ளை என்றது உபமானத்துக்கு மட்டும் அல்ல. லவாஸியேயின் ஜீவனம் வரி வசூல். அரசருக்காக ஜனங்களிடம் வரி பிடுங்கும் கம்பெனியில் அவர் பங்குதாரர். பாரிஸைச் சுற்றி, சுங்கம் தப்பாமல் இருக்க, ஒரு மதிலே கட்டினார்கள். அந்த யோசனை அவருடையது. ஊர் முழுவதும் அதைச் சபித்தது. 1794 மே 8-ஆம் தேதி அவர் தலை போனது அந்த வரிக் கம்பெனிக்காரர்களில் ஒருவர் என்பதற்காகத்தான், விஞ்ஞானி என்பதற்காக அல்ல. மரி-ஆனின் தகப்பனாரும் அன்றே, அதே மேடையில் மாண்டார். நான் எழுதிய பொய் வாக்கியம் செய்த பெரிய தீமை இதுதான்: ஏழை ஜனங்களின் கோபத்தை மூடர்களின் கோபமாக்கிவிட்டது. அந்தத் தண்டனை நியாயம் என்று நான் சொல்லவில்லை. அநியாயமே. ஆனால் அந்த நுட்பமான தராசுகளை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கதை சொல்கிறவன் சொல்ல வேண்டும் அல்லவா?

இதற்கு விசித்திரமான சாட்சி ஒன்று சமீபத்தில் கிடைத்தது. 1788-ல் டாவீத் என்ற ஓவியர் லவாஸியே தம்பதிகளைப் பெரிய படமாக எழுதினார். நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் மியூஸியத்தில் இருக்கிறது. மேஜைமேல் கண்ணாடிக் கருவிகள், கையில் எழுதுகோல், தோளில் சாய்ந்து நிற்கும் மனைவி என்று விஞ்ஞானத் தம்பதிகளுக்கு இலக்கணமாக எல்லோரும் காட்டும் படம். மியூஸியத்து நிபுணர்கள் நவீனக் கருவிகளால் வர்ணத்துக்கு அடியில் ஊடுருவிப் பார்த்து, 2021-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஓவியர் முதலில் எழுதியது வேறு படம். மரி-ஆன் தலையில் ரிப்பனும் பூவுமாகப் பெரிய நாகரிகத் தொப்பி. விஞ்ஞானக் கருவிகள் கிடையாது. பணக்கார வரி வசூல்காரரும் அவர் சம்சாரமும்தான் அங்கே இருந்தார்கள். பிறகு தொப்பியை அழித்துக் கருவிகளை எழுதினார். காரணம் எதுவானாலும், நாம் இருநூறு வருஷமாகப் பார்த்தது திருத்தி எழுதிய பிரதி.

படம் இப்படி. சிலையின் கதை இன்னும் வேடிக்கை. 1900-ல் பாரிஸில் லவாஸியேக்குச் சிலை வைத்தார்கள். சிற்பி தெரியாமல் கொண்டோர்ஸே என்ற வேறொரு அறிஞரின் முகத்தைப் பார்த்துத் தலையைச் செய்துவிட்டார். வெட்டுப்பட்ட தலைக்குப் பதில் ஊரான் தலை! இரண்டாம் உலக யுத்தத்தின்போது அந்தச் சிலையையும் உருக்கிவிட்டார்கள்.

வெற்றி பெற்றவரும் முழுக்க வெற்றி பெறவில்லை. 'ஆக்சிஜன்' என்ற பெயரை லவாஸியே கிரேக்கச் சொற்களிலிருந்து செய்தார். அமிலத்தைப் பிறப்பிப்பது என்று அர்த்தம். எல்லா அமிலத்திலும் இந்தக் காற்று உண்டு என்பது அவர் நம்பிக்கை. உப்பிலிருந்து கிடைக்கும் அமிலத்தில் அது கிடையாது என்று 1810-ல் டேவி காட்டினார். ஆக, பழைய சித்தாந்தத்தை வீழ்த்தினவரின் பிழையைத்தான் இன்றைக்கு உலகம் முழுவதும் ஆஸ்பத்திரி உருளைகளில் எழுதி வைத்திருக்கிறோம். பிராணவாயு என்று நம்மவர்கள் வழங்கும் பெயர் அந்த வகையில் தேவலை. ரசாயனம் தெரியாத பாட்டிக்கும் அது பொய் சொல்லாது.

பிரீஸ்ட்லியின் கடைசிக் காலத்தை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தார் என்பதற்காக, மத விஷயத்திலும் ஊரோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக, 1791 ஜூலையில் பர்மிங்ஹாமில் கலகக் கும்பல் அவர் வீட்டையும் பரிசோதனைச் சாலையையும் கொளுத்தியது. 1794 ஏப்ரலில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஜூன் மாதம் நியூயார்க்கில் இறங்கினார். லவாஸியேயின் தலை விழுந்த அன்று அவர் நடுக் கடலில் இருந்தார். புரட்சியை விரும்பியவரின் வீட்டைப் புரட்சியின் எதிரிகள் எரித்தார்கள், அவருடைய எதிராளியைப் புரட்சியே கொன்றது. இப்படி ஒரு பொருத்தத்தை நான் நாவலில் எழுதினால் செயற்கை என்று விமரிசகர்கள் பிய்த்துவிடுவார்கள்.

பென்ஸில்வேனியாவில் ஒரு சிற்றூரில் மனைவியையும் இழந்து வாழ்ந்தார். உலகத்து ரசாயன விஞ்ஞானிகள் பெரும்பாலோர் அதற்குள் லவாஸியேயின் கட்சிக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் 1800-ல் பிளாஜிஸ்டனை நிலைநாட்டி ஒரு நூல் எழுதினார். 1804-ல் இறந்தார். அவரைப் பிடிவாதக்காரக் கிழவராகக் காட்டிச் சிரித்துவிட்டுப் போகிற புஸ்தகங்கள் பல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் வந்த புதுமையைத் தன் பழைய பாஷையில் மட்டுமே சொல்லத் தெரிந்தவர் அவர். அந்த வயதில் எழுத்தாளர்களாகிய எங்களில் எத்தனை பேர் வேறு விதமாக இருக்கிறோம்?

ரசாயன சரித்திரத்தை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். கதையாக எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஆனால் கதை ஒழுங்காக வருவதற்காக மனிதரை நறுக்காதீர்கள். ஜெராஸியும் ஹாஃப்மனும் பந்தயத்தின் சட்டத்துக்குள் சிக்கிக்கொண்டாலும், ஒருவரையும் வில்லனாக்கவில்லை, ஒருவரையும் தெய்வமாக்கவில்லை. அதற்காகவே அந்த நாடகத்தைப் படிக்கலாம். நம் பாஷையில் யாராவது நல்ல முறையில் மொழிபெயர்த்தால் கல்லூரிப் பையன்களும் பெண்களும் நடித்துப் பார்க்கலாம்.

தபால் கார்டு எழுதிய ஆசிரியருக்குப் பதில் போட எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆதாரம் இல்லை, தப்பு என்னுடையது என்று எழுதினேன். அவரிடமிருந்து இன்னொரு கார்டு வந்தது. தம்மிடம் படித்த பையன்களுக்கெல்லாம் இனி எப்படிச் சொல்வது, எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டார்களே என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. எங்கெங்கோ போன அந்தப் பையன்களில் யாராவது ஒருவர் கண்ணில் இந்தக் கட்டுரை பட்டால், அவருடைய கடனிலும் என் கடனிலும் கொஞ்சம் கழியும்.